அப்பாவின் தம்பி காலமானது தொடர்பாக

ஓசூர்,
ஆடி மாதம், 2007.

பெருமதிப்பிற்குரிய அரூர் மாமா பொன்னுசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகன் பூபதி பணிவுடன் எழுதுவது. உரக்கடை நன்றாக நடக்கிறதா? அத்தையும் பிள்ளைகளும் சுகமா? அந்தப் பக்கம் மழை உண்டா? இங்கே அம்மா சுகம். தங்கை சுப்ரியா சுகம். அப்பா சுகம். சித்தப்பா காலமாகிவிட்டார்.

உனக்கு ஏதடா சித்தப்பா என்று கேட்பீர்கள். சித்திரையிலிருந்து வைகாசி வரை இருந்தார்.

உங்கள் அஞ்சலட்டை கிடைத்தது. எங்களுக்கு முன்பே பலருக்குக் கிடைத்துவிட்டது. தபால்காரர் அதை அம்மாவிடம் நீட்டி, "அண்ணன் ரொம்பக் கோவமா இருக்கறாரு போலம்மா, சீக்கிரம் பதில் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சவரக்கடையில் வாரப் பத்திரிகையைப் புரட்டியபோது, நடுப்பக்கத்தில் உங்கள் மைத்துனர் மாடசாமி, அதாவது என் அப்பா, யாரோ ஒரு பெண்மணியின் பக்கத்தில், ஒரு பெண் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நிற்பதைக் கண்டதாகவும், சோப்பு நுரையோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் வராவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குத் தாய்மாமன் சீர் வராது, தாய்மாமன் மட்டும் நாலு ஆட்களோடு வந்து, மண்டபத்திலேயே மாடசாமியின் வண்டவாளத்தைச் சொல்லிக் காலை உடைப்பேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, காலை உடைப்பது பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. வாயைத் திறப்பதுதான் பயம். நீங்கள் மண்டபத்தில் வாயைத் திறந்தால் சுப்ரியாவின் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். மாப்பிள்ளையின் அப்பா வேப்பனப்பள்ளி கோவிந்தப்பன் மாந்தோப்புக்காரர். மிகவும் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். சுப்ரியாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. சும்மா இருக்கும்போதே சிரிக்கிறாள். ஆகவே உங்களுக்கு மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி அம்மா உத்தரவு. "எங்கண்ணன் வாயி பெருசு. ஆனா மனசுல ஒண்ணும் கெடையாது. நெசத்த எழுதிப் போடு, படிச்சுட்டுக் கிழிச்சிடச் சொல்லு" என்றாள். கிழித்துவிடவும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கலைப்படம்.

படத்துக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் வைத்தால் அர்த்தம் குறைந்துவிடும் என்கிறார் இயக்குநர். கதை இதுதான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் இரட்டைக் குழந்தைகள் பிரிந்துவிடுகின்றன. ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில் வளர்கிறது. இன்னொன்று அந்தப் பக்கம் கன்னடத்தில் வளர்கிறது. பெரியவர்களானதும் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். தேடுவது தெரியாமல் தேடுகிறார்கள். பேச்சு குறைவு. குழாயில் தண்ணீர் சொட்டுவது அதிகம்.

இயக்குநர் பெயர் அஸ்வின். பெங்களூர்க்காரர். ஏதோ குளிர்தேசத்தில் சினிமா படித்தவர். ஓசூர் சித்திரை வெயிலிலும் கழுத்தில் துண்டு சுற்றியிருப்பார்; வியர்வை துடைப்பதற்கு அல்ல. நடிகர்கள் நடிப்பார்கள் என்பதால் அவருக்கு நடிகர்களைப் பிடிக்காது. உண்மையான முகங்கள் வேண்டும் என்பார். புத்தகம் படித்த உள்ளூர் ஆள் யாராவது வேண்டும் என்று சிப்காட் டீக்கடையில் கேட்டிருக்கிறார். "அதா, அந்தக் கடைசி பெஞ்சில தனியாப் பேசிக்கிட்டு இருக்கறாரே, அவருதான்" என்று என்னைக் காட்டியிருக்கிறார்கள். நான் கம்பெனியில் பல்சக்கரங்களைச் சோதித்துக் கழிப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். தத்துவத்தில் எம்.ஏ. என்பதும் தெரியும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சொல்லித்தான் சிரிப்பீர்கள். அஸ்வின் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். மொழி ஆலோசகராக்கினார். தன்னிலை, மற்றமை, இன்மை ஆகிய மூன்று சொற்களை நான் அவருக்குக் கொடுத்தேன். அந்த மூன்றை வைத்தே படம் முழுவதையும் எடுத்தார்.

இனி பங்குனியில் நடந்தது. ஓசூர் தேரை எடுத்தார்கள். அடுத்த சில நாட்களில் எல்லை தாண்டி மாலூர்ப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவை எடுத்தார்கள். கூட்டம், முகம், கூட்டம், முகம். எடுத்ததையெல்லாம் சித்திரையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது உதவி இயக்குநர் இரம். கிருஷ்ணகிரிப் பெண். எள் விழுந்தாலும் பார்க்கிற கண். ஓசூர் தேரில் வடம் பிடித்த ஒரு மனிதர், மாலூர்த் திருவிழாவில் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டக்கி, அதாவது அந்த ஊர்ப் பொரி, தின்றுகொண்டிருந்தார். அதே நெற்றி. அதே காது. அதே முறுக்கு மீசை.

இரம் உடனே ஒன்று நினைத்தாள். அஸ்வின் வேறொன்று நினைத்தார். தன் கதை தன்னைத் தேடி உலகத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார். வடம் பிடித்தவர் என் அப்பா என்று தேரன்றே நான் காட்டியிருந்ததால், அன்றைக்கே, என் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அன்று சுப்ரியாவுக்குப் பூ வைக்கும் நாள். கடைக்குச் சரக்கு வருகிறது என்று நீங்கள் வராமல் இருந்துவிட்டீர்கள்.

கோவிந்தப்பன் குடும்பம் பாயில் உட்கார்ந்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூ. பஜ்ஜி வந்துகொண்டிருந்தது. அப்பா வெள்ளை வேட்டியில் மீசையைத் தடவியபடி, தன் டெம்போவைப் பற்றியும், வாரம் இரண்டு முறை மாலூருக்கு லோடு அடிப்பதைப் பற்றியும், அங்கே இறக்குவதற்கு எப்போதும் தாமதமாகிவிடுவதால் ராத்திரி தங்க வேண்டியிருப்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். "தொழிலுன்னா அப்படித்தாங்க" என்றார் கோவிந்தப்பன். அப்போது அஸ்வின் செருப்போடு உள்ளே வந்தார், பின்னாலேயே இரம். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்தார். ஒரு பாதியில் தேர். மறுபாதியில் மண்டக்கி.

"சார், நீங்க தனி ஆள் இல்லை. உங்களுக்கு ஒரு ட்வின் பிரதர் இருக்கார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

கோவிந்தப்பன் முன்னால் குனிந்து பார்த்தார். பக்கத்தில் நிற்கும் பெண்மணியையும் பார்த்தார். குழந்தையையும் பார்த்தார். "என்னங்க சம்மந்தி, இது நீங்களா?"

அப்பா பேசவில்லை. மாமா, நான் பல கலைப்படங்களின் மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. ஒரு மனிதர் தன் இரண்டு வீடுகளும் ஒரே சமயத்தில் தீப்பிடிப்பதைப் பார்த்து, எதில் தண்ணீர் ஊற்றுவது என்று யோசிக்கும் மௌனம். அஸ்வின் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். பிறகு அப்பா எழுந்து, இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டு, "மாதப்பா! உசுரோடவாடா இருக்க!" என்று அலறினார்.

பெயரை யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அதைக் கவனித்தவர்கள் இரண்டு பேர். இரம். அம்மா.

அப்பா தெற்கிலிருந்து தனியாக ஓசூருக்கு வேலை தேடி வந்தவர். அப்பன் ஆத்தாள் இல்லை, உறவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதற்காகவே நீங்கள் அம்மாவை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்றீர்கள். அந்தக் குறை அன்றைக்கு அவருக்கு வசதியாகப் போயிற்று. அவருக்குத் தம்பி கிடையாது என்று சாட்சி சொல்ல ஊரில் ஆளில்லை. சின்ன வயதில் சந்தையில் தொலைந்தான் என்றார். அது அஸ்வினின் கதை. அஸ்வினுக்கு ஆட்சேபணை இல்லை. கோவிந்தப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவருக்கும் அவர் தம்பிக்கும் மாந்தோப்பு வேலித் தகராறில் பேச்சுவார்த்தை கிடையாது. "பொறப்புன்னா இதுங்க. எங்கிட்டும் ஒருத்தன் இருக்கறான், உசுரோட இருந்தும் செத்தவனாட்டம். சம்மந்தி, உங்க தம்பி வந்து மணவறையில ஒக்காராம எம்புள்ள தாலி கட்டமாட்டான். இது நான் குடுக்கற வாக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "அந்தப் பொட்டில அத இன்னொருக்கா ஓட்டச் சொல்லுடா." இரம் கொண்டுவந்து ஓட்டினாள். அம்மா பார்த்தாள். "மண்டக்கி தின்னா உங்கப்பனுக்குப் பல்லுல மாட்டிக்கும். நாக்கப் போட்டு இப்பிடிச் சுழட்டுவாரு. தொலைஞ்சு போனவனும் அப்பிடியேதான் சுழட்டறான் பாரு." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கேசரியைக் கிண்ணங்களில் வைத்தாள். அப்பாவுக்கு வைத்த கிண்ணத்தில் முந்திரி இல்லை.

அதற்குப் பிறகு படம் திசை மாறியது. அஸ்வின் எழுதி வைத்திருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணனையும் தம்பியையும் சேர்த்து வைக்கும் காட்சியை எடுக்க ஆசைப்பட்டார். அப்பா யோசித்து ஒரு காரணம் சொன்னார். தன்னைத் தேடி வராத அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை என்று தம்பி சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறானாம். அஸ்வின் எழுந்து நின்றுவிட்டார். "சந்திக்காமல் இருப்பதுதான் இவர்களுடைய சந்திப்பு! பூபதி, இதுதானே நீங்க சொன்ன இன்மை?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஆக, திங்கட்கிழமை ஓசூரில் மாடசாமியை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலூரில் மாதப்பாவை எடுத்தார்கள். திங்கட்கிழமை வகிடு இடது பக்கம். வெள்ளிக்கிழமை வலது பக்கம். வேறு வித்தியாசம் தேவைப்படவில்லை. நான் இரண்டு இடத்துக்கும் போனேன். மாதப்பா என்னைப் பார்த்து, "நீங்கதான் எங்கண்ணன் பையனா? நல்லா இருக்கீங்களா?" என்று கைகொடுத்தார். நலம் என்றேன். காலையில் அவருக்கு நான்தான் பல் தேய்க்கத் தண்ணீர் மோந்து கொடுத்திருந்தேன்.

அஸ்வின் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "அண்ணன் எப்படிப்பட்டவர்னு நினைக்கறீங்க?"

"அண்ணன் பாவங்க. நெறையப் பொறுப்பு. அந்த வீட்டுல அவருகிட்ட உக்காந்து யாரும் ரெண்டு வார்த்தை பேசறதில்ல. பையன் படிச்சவன். அப்பன்னா அவனுக்கு எளக்காரம்."

அஸ்வின் என்னைப் பார்த்தார். மொழி ஆலோசகர் விளக்கம் தர வேண்டும். தன்னிலை மற்றமையின் கண்ணாடியில் தன்னைக் குற்றம் சாட்டுகிறது என்று சொன்னேன். "பியூட்டிஃபுல்" என்றார். ரத்னம்மா, அதுதான் நீங்கள் படத்தில் பார்த்த பெண்மணி, எங்களுக்கெல்லாம் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மோர். அந்த வீட்டில் அப்பா சத்தமாகச் சிரித்தார். குழந்தை எதையோ சொன்னதற்கு, பெரிய சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு அறிமுகம் இல்லை.

நீங்கள் பத்திரிகையில் படத்தை மட்டும் பார்த்தீர்கள். எழுத்தைப் படிக்கவில்லை. படிக்க முடியாது, அது அப்படிப்பட்ட எழுத்து. படப்பிடிப்பைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த விமர்சகர் எழுதியது. அதில் ஒரு வரி: "மாடசாமி உலர்ந்த, கனத்த மனிதர், மாதப்பாவோ சிரிக்கத் தெரிந்தவர், ஒரே கருவறையிலிருந்து எவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறார்கள் இருவரும்." அம்மா இதைச் சத்தமாகப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "சிரிக்கத் தெரிஞ்சவராமே" என்றாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது.

வைகாசிக் கடைசியில் கோவிந்தப்பன் வந்தார். கல்யாணம் ஆனியில் என்று அப்போது பேச்சு. "சம்மந்தி, சத்தியமெல்லாம் நான் போயிக் கேட்டா ஒடைஞ்சுடும். தாம்பாளத்தோட நானே மாலூருக்குப் போறன். கால்ல வுழுந்தாவது உங்க தம்பியக் கூட்டியாறன். நாளைக்கே கெளம்பறன்" என்றார்.

அப்பா கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது தலையில் கை வைத்திருந்தார்.

"போயிட்டான்."

"எங்கீங்க?" என்றார் கோவிந்தப்பன்.

"போயே போயிட்டான். நெஞ்சு வலியாம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம். மொகத்துல முழிக்கமாட்டேன்னான், அப்படியே செஞ்சுட்டான் பாவி."

மாமா, இதில் அப்பாவின் கணக்கு எளிமையானது. தம்பி இருந்தால் தொந்தரவு. தம்பி இல்லாவிட்டால் தொந்தரவு இல்லை. ஆனால் அப்பா வாழ்நாளில் பங்காளி என்று ஒருவரைக் கண்டவர் இல்லை. ஒரு பங்காளியை உண்டாக்கத் தெரிந்தது. கொல்லவும் தெரிந்தது. பங்காளி செத்தால் தீட்டு என்பது தெரியவில்லை.

கோவிந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். "கூடப் பொறந்தவன் சாவு. கருமாதி ஆவாம பந்தக்கால் ஊனக் கூடாது. ஆனி முகூர்த்தம் போச்சு. ஆடியில பேச்சே கெடையாது. ஆவணிதான். அப்புறம் சம்மந்தி, உங்க தம்பிக்கு ஆம்பளப் புள்ள இல்ல. நீங்கதான் ஆத்தங்கரையில ஒக்காந்து காரியம் பண்ணணும். மொட்டை போடணும். மீசை எடுக்கணும்."

அப்பாவின் கை தானாக மீசைக்குப் போனது. "அண்ணன் தம்பிக்குப் பண்ணலாமுங்களா? அந்தூருலயே யாராச்சும்…"

"பண்ணாம?" என்றாள் அம்மா, அடுக்களை வாசலிலிருந்து. "நல்லாக் கேளுங்க சம்மந்தி. அநாதியாப் போவ வுட்டுருவமா? மொறப்படி பண்ணணும். ஒரு மொறை கொறையக் கூடாது. மீசை மொதல்ல."

தென்பெண்ணைக் கரை. ஆற்றில் நுரை மிதந்தது. பெங்களூர்ச் சாக்கடையிலிருந்து வருவது. அஸ்வின் அதைப் படிமம் என்றார். கேமராவை ஈர மணலில் நட்டுவைத்துக் காத்திருந்தார். கோவிந்தப்பன் தன் சொந்தங்களோடு வந்திருந்தார். நாவிதர் அப்பாவை உட்காரவைத்து, இடது பக்கத்திலிருந்து தொடங்கினார். பாதித் தலையும் பாதி மீசையும் போயிருந்தன. அப்போது படக்குழுவின் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ரத்னம்மா இறங்கினார்.

அஸ்வின்தான் அனுப்பியிருந்தார். விதவையின் துக்கம் இல்லாமல் காட்சி முழுமையாகாதாம். ஜீப்பில் வந்தவர்களிடம் ரத்னம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். போன வெள்ளிக்கிழமை தன் வீட்டில் இட்லி தின்ற கணவனுக்கு இந்த வெள்ளிக்கிழமை கருமாதி என்றால், வாயை மூடிக்கொண்டு போய்ப் பார்ப்பதுதான் சரி என்று நினைத்திருக்கிறார். புத்திசாலி.

மணலில் நடந்து வந்தார். அப்பாவைப் பார்த்தார். ஒரு பக்கம் அவர் புருஷன். ஒரு பக்கம் யாரோ. நாவிதர் கத்தியை எடுத்துவிட்டு ஒதுங்கினார். அஸ்வின் மூச்சை அடக்கிக்கொண்டு, "யாரும் அசையாதீங்க" என்றார். அப்பா அசையவில்லை. அசைய முடியவில்லை.

கோவிந்தப்பன்தான் ஆறுதலாகச் சொன்னார்: "திகிலாத்தான் இருக்கும்மா. ரெட்டைப் பொறப்பு. உங்க வூட்டுக்காரரு மாதிரியேதான் இருப்பாரு. இவரு அண்ணன்."

ரத்னம்மா தலையாட்டினார். "ஹவுது. அவர தரானே இத்தாரே" என்றார். ஆமாம், அப்படியே அவர் மாதிரியேதான் இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு மணலில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, கன்னடத்தில் ஒப்பாரி வைத்தார். சோறு போட்டதை, துணி துவைத்ததை, காத்திருந்ததை எல்லாம் சொல்லி. தன் சாவுக்கு ஒருத்தி அழுவதைக் கேட்க அப்பாவுக்கு வாய்த்தது. எத்தனை பேருக்கு வாய்க்கும்? அம்மா எழுந்து போனாள். முறைப்படி ரத்னம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி அழுதார்கள். பார்த்த எங்களுக்கு அழுகை மட்டும்தான் கேட்டது. ஆனால் ரத்னம்மாவின் முந்தானையில் அஸ்வின் ஒலிவாங்கியைக் குத்தியிருந்தார். காதில் மாட்டிக் கேட்டது இரம். ரத்னம்மாவுக்குத் தமிழும் நன்றாக வருமாம்.

"எத்தினி வருசம்?" என்றிருக்கிறாள் அம்மா, அழுகைக்கு நடுவில்.

"புள்ளைக்கு ஆறு வயசு அக்கா."

"பொண்டாட்டி புள்ள இருக்கறது தெரியுமா?"

"செத்துட்டாங்கன்னு சொன்னாரு."

"யாரு?"

"நீங்கதான்."

அம்மா இந்த இடத்தில் கொஞ்சம் நிஜமாகவே அழுதாளாம். பிறகு, "ராத்திரியில கொறட்டை வுடுவாரா?"

"ஐயோ, ஓடு பேந்துடும்."

"அப்ப அவரேதான். இங்க பாரு. எம்பொண்ணு கலியாணம் முடியணும். நீ எதுவும் பேசாத. ஆள நான் வெச்சுக்கறன். உனக்கு என்னா வேணும்?"

"ஆளு வேணாங்க்கா. வண்டி போதும்."

அழுகை முடிந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கோவிந்தப்பனிடம் சொன்னாள்: "சம்மந்தி, நாலு பெரியவங்க இருக்கறப்பவே சொல்லிடறன். இவரு ஓட்டற டெம்போ இப்ப இவரோடது இல்லீங்க. பாதி நாளு அந்தூருலதான் நிக்கும், வேணும்னா மாலூருல யாரை வேணாலும் கேளுங்க. தம்பி கெடைச்சதுமே அவருக்குன்னு குடுத்துட்டாரு, கொழுந்தனாரோட வண்டி அது. அந்தப் பொம்பளைக்குச் சேர வேண்டியது. செத்தவங்க சொத்து நமக்கு வேணாங்க."

"என்னா மனசுங்க!" என்றார் கோவிந்தப்பன். "என்னங்க சம்மந்தி, சரிதானுங்களே?"

அப்பா வாயைத் திறந்தார். பாதி மீசை துடித்தது. சுப்ரியா தூரத்தில் மாமியாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மணலில் வைத்தார்.

அஸ்வின் இதைப் படத்தின் கடைசிக் காட்சியாக வைத்திருக்கிறார். பாதி மழித்த முகம், அதன் பின்னால் நுரை. இழந்த தன் பாதியை மனிதன் தன் முகத்திலேயே சுமக்கிறான் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அவர்கிட்ட சொல்லிடலாமா?" என்று இரமிடம் கேட்டேன். "வேணாங்க பூபதி. உண்மை தெரிஞ்சா படம் நல்லாயிடும். அப்புறம் எந்த விழாவுலயும் எடுத்துக்கமாட்டாங்க" என்றாள்.

ஜீப்பில் வந்த ரத்னம்மா டெம்போவில் திரும்பிப் போனார். கூட வந்த அவர் தம்பி ஓட்டினார். அது நிஜத் தம்பி.

இப்போது வீட்டு நிலவரம். அப்பா ஒரு தண்ணீர் லாரிக்கு டிரைவராகப் போகிறார். ஊருக்குள்ளேயே ஓட்டம். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தலைமுடி வளர்ந்துகொண்டிருக்கிறது. மீசையை அம்மா இன்னும் அனுமதிக்கவில்லை. வருஷத் திதி வரைக்கும் ஆகாதாம். அந்தப் பத்திரிகைப் படத்தில் அப்பாவை மட்டும் கத்தரித்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டி, சின்ன சிவப்பு பல்பு எரியவிட்டிருக்கிறாள். கோவிந்தப்பன் வரும்போதெல்லாம் அதைக் கும்பிடுகிறார். தன் தம்பியோடு பேச ஆரம்பித்துவிட்டாராம். எங்கள் வீட்டில் அப்பா சிரிக்கும் படம் அது ஒன்றுதான். அதற்குக் கீழேதான் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அம்மா தினமும் படத்துக்குப் பூ வைக்கிறாள். வைத்துவிட்டு, கீழே இருப்பவருக்கு ரசம் ஊற்றுகிறாள். சில நாட்களில் பூ வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது யாரும் ரசம் கேட்பதில்லை.

ஆகவே மாமா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாலு ஆட்கள் வேண்டாம். சீர்த்தட்டோடு நீங்கள் மட்டும் முன்னால் நடந்து வந்தால் போதும். தாய்மாமன் இல்லாத மணவறையைப் பார்த்தால் கோவிந்தப்பன் கேள்வி கேட்பார், கேட்டால் அம்மா ஆற்றங்கரையில் அழுத அழுகையெல்லாம் வீண். காலமானவரைப் பற்றி யாராவது விசாரித்தால் "நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லவும். அப்பாவைக் கண்டால் முறைக்க வேண்டாம். அவர் இப்போது ஒருவர்தான். அந்த ஒருவரும் பாதிதான் இருக்கிறார். எப்போதும் ஒழுக்கத்தில் ஓர் அடி பிசகாத உங்களைப் போன்றவர்களுக்கு இதைப் பொறுத்துக்கொள்வது கஷ்டம் என்று அம்மாவுக்கும் தெரியும். தங்கைக்காகப் பொறுத்துக்கொள்ளவும்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. கடைக்கு நல்ல வியாபாரமும் வயலுக்கு நல்ல மழையும் கிடைக்கட்டும். உங்கள் ஆசி எங்கள் எல்லோருக்கும் வேண்டும், குறிப்பாகச் சுப்ரியாவுக்கு.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்
பூபதி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இரம் ஒரு குறுந்தகட்டோடு வந்தாள். படத்தின் முதல் காட்சிக்காக மாசி மாதம் ஒகேனக்கல்லில் எடுத்தது. தண்ணீர் இரண்டாகப் பிரிவதைக் காட்ட வேண்டுமல்லவா? "இவரு யாருன்னு பாருங்க, பூ வைக்கற அன்னிக்கு உங்க வீட்டுச் சுவத்துல போட்டோ பார்த்த ஞாபகம்" என்றாள். பரிசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். போன தீபாவளிக்கு நாங்கள் அரூருக்கு எடுத்தனுப்பிய ஊதாச் சட்டை. பக்கத்தில் கடுகு நிறச் சேலையில் ஒரு பெண்மணி. அத்தை இல்லை. அத்தையைவிட உயரம். பொரித்த மீனை முள் எடுத்து அவர் வாயில் ஊட்டுகிறார். இவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார். படப்பிடிப்பு நன்றாக வந்திருக்கிறது.

அம்மா இன்னொருக்கா ஓட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, "எங்கம்மாளுக்கும் ரெட்டைப் பிரசவம்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். மேலே நான் கெஞ்சியதையெல்லாம் அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது கெடக்கட்டும். கீழ எழுது. அண்ணன் மட்டும் வேணாம், அண்ணியையும் கட்டாயம் கூட்டியாரச் சொல்லு, கலியாணம் முடிஞ்சதும் ஒக்காந்து படம் பாக்கலாம்னு. அப்புறம் சீரு இப்ப கொண்டார மாதிரி ஆவாதுன்னு சொல்லு. ரெண்டு மாமன் சீரு வரணும்."